எல்க் வேட்டைக்கு ஒரு துவக்கு

"வாங்கிறதெண்டா வாங்குங்கோ, செய்யிறதெண்டா செய்யுங்கோ. சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இருந்து பெருமூச்சு மட்டும் விடாதேயுங்கோ," என்றாள் ராசமலர்.

அவள் புருஷன் கொன்ஸ்ரன்ரைன் இன்னொரு பெருமூச்சு விட்டார். பிரச்சினை துவக்கு, வேட்டைத் துப்பாக்கி. புதுத் துவக்கு வாங்க அவருடைய சம்பளம் இடம் கொடுக்காது. பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்வித்தால் மலிவு என்கிறார்கள். ஆனால் அது எப்போது முடியுமென்று ஆண்டவருக்கும் தெரியாது. செப்டெம்பர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கிவிடும்.

"துவக்குக்குப் பயந்துதானே மன்னாரிலையிருந்து இஞ்சை ஓடி வந்தனாங்கள். நோர்வேக்காரன் சமாதானம் பேச அங்கை போறான். நீங்கள் இஞ்சை துவக்கு வாங்கப் போறியள்!"

"உமக்கு விளங்காது. என்னைக் கூப்பிட்டிருக்கிறாங்கள்."

அதுதான் முழுக்கதையும். நோர்வேயில் அவர் வேலை செய்யும் சரக்குக் களஞ்சியத்தில் இலையுதிர்காலம் வந்தால் ஆண்கள் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். களஞ்சியத்தைக் காக்கிறவர் கொன்ஸ்ரன்ரைன். திரும்பி வந்தபின் சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்கில் எல்க் கதைதான். அவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். வருஷக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்டும் விருந்தாளியாகவே இருப்பது பெட்டி தூக்குவதைவிடப் பெரிய களைப்பு.

இந்த வசந்தத்தில் ஒருநாள், மத்தியான இடைவேளையில், ரெலிஃபோன் கார்ட் போட்டு மன்னாரில் இருக்கும் தம்பியுடன் கதைத்தார். லைன் வழக்கம்போலச் சரியில்லை. கதைத்து முடித்துத் தொண்டைக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் ஹால்வோர் வாசலில் நின்றார்.

"இந்த முறை நீயும் எங்களோடு வேட்டைக்கு வா," என்றார்.

ஹால்வோர் அதிகம் பேசாத மனிதர். அவ்வளவுதான் சொன்னார். கொன்ஸ்ரன்ரைன் அந்தக் கிழமையே வேட்டைப் பரீட்சை வகுப்பில் சேர்ந்து, தாரா, வாத்து வகைகளின் நோர்வேஜியப் பெயரெல்லாம் பாடமாக்கி, தட்டுத்தடுமாறிப் பாஸும் பண்ணிவிட்டார். மிச்சம் துவக்குத்தான்.

அதைப்பற்றிக் களஞ்சியச் சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான் பிழையாகிப் போனது.

"பழையது ஒன்று வாங்கு. என் மச்சானிடம் இருக்கிறது," என்றான் ரூனெ.

"வாங்காதே, செய்! குழல் ஓரிடத்தில் எடு, கட்டை ஓரிடத்தில் எடு. வேலை தெரிந்தவன் பொருத்தித் தருவான்," என்றான் தெர்யெ.

மேசை இரண்டாகப் பிரிந்தது. கொன்ஸ்ரன்ரைனுக்கோ ஒருவருடைய முகத்தையும் முறிக்கத் தெரியாது. ரூனெக்கும் ஓம் என்றார், தெர்யெக்கும் ஓம் என்றார். ரூனெ மச்சானிடம் சொல்லித் துவக்கை விற்காமல் நிறுத்திவைத்தான். தெர்யெ, துவக்குக் கட்டை செதுக்கவென்று அருமையான வால்நட் பலகையொன்றைப் பரிசாகவே கொண்டுவந்து தந்தான். இரண்டு தோணியில் கால் வைத்தாயிற்று.

இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: துவக்கைப் பூட்டிவைக்க முதலில் இரும்பு அலுமாரி வேண்டும், அது சட்டம். யாருடைய மனமும் நோகாத வேலை அது ஒன்றுதானே என்று கொன்ஸ்ரன்ரைன் அலுமாரியை வாங்கினார். துவக்குக்கென்று சேர்த்த காசில் முக்கால்வாசி அதோடு போயிற்று.

அவர்கள் குடியிருந்த ஸ்டோவ்னர் அடுக்குமாடி லிஃப்ற்றில் அதை ஏற்றும்போது மேல்வீட்டுப் புஷ்பராணி கண்டுவிட்டாள். அடுத்த நாளே ஐஸ்கிரீம் டப்பாவொன்றுடன் கதவைத் தட்டினாள்.

"மலரக்கா, தமிழாக்களின்ரை வீடாப் பாத்துக் களவெடுக்கிறாங்களாம். இதுக்குள்ளை என்ரை தாலிக்கொடியும் பிள்ளையின்ரை காப்பும் கிடக்கு. உங்கடை அலுமாரியிலை ஒரு மூலையிலை வையுங்கோவன்."

"அது துவக்கு வைக்கிற அலுமாரி, புஷ்பம்."

"துவக்கு எங்கை?"

"இன்னும் வரேல்லை."

"அப்ப இடம் கிடக்குத்தானே!"

ராசமலர் அலுமாரியைத் திறந்துவிட்டாள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவதற்குள் செய்தி கோயில் முழுக்கப் பரவிவிட்டது. மார்கரின் டப்பாவில், பிஸ்கட் ரின்னில், குளிர்காலக் காலுறையில் என்று நகை வந்து சேர்ந்தது. கலியாண வீடு வந்தால் காலையில் எடுக்க வரிசை, இரவில் திருப்பி வைக்க வரிசை. கொன்ஸ்ரன்ரைனுக்குச் சனிக்கிழமைத் தூக்கமும் இல்லாமல் போயிற்று. ஓகஸ்ட் மாதம் அலுமாரிக்குள் துவக்கு என்ன, கூட்டுகிற தும்புத்தடிகூட வைக்க இடமில்லை.

"எல்லாரையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லும்," என்றார் மனைவியிடம்.

"நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். ரெண்டு பேருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு முழிக்கிற ஆள்தானே நீங்கள்."

களஞ்சியத்தில் ரூனெ, "மச்சான் கேட்கிறான், எப்போது எடுக்கிறாய்?" என்று நாள்தோறும் நச்சரித்தான். தெர்யெ வேறு பக்கத்தால் வந்தான்.

"என் பலகை என்ன மாதிரி? வேலை நடக்கிறதா?"

"ஓம், ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது," என்றார் கொன்ஸ்ரன்ரைன். பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராசமலர் அதன் மேல் வைத்துத்தான் ஆட்டிறைச்சி வெட்டினாள்.

வேட்டைக்கு ஒரு கிழமை இருக்கும்போது கொன்ஸ்ரன்ரைன் கையைத் தூக்கிவிட்டார். வாங்கவும் இல்லை, செய்யவும் இல்லை. இனி ரொட்டியைப் பார்த்துச் சாப்பிடுவதுதான் விதி. கூப்பிட்ட மனிதரிடம் நேரில் சொல்வதுதானே மரியாதை. ஹால்வோரின் அறைக்குப் போனார்.

"என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் வேட்டைக்கு வரவில்லை."

"ஏன்? உடம்புக்கு ஏதுமா?" ஹால்வோர் உண்மையாகவே பதறிப்போய் எழுந்தார். "தொண்டை சுகம்தானே?"

"தொண்டைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிவரைக்கும் எனக்கு ஒரு துவக்கு அமையவில்லை."

ஹால்வோர் நிம்மதியாகத் திரும்பவும் உட்கார்ந்து கோப்பியைக் கையில் எடுத்தார்.

"சுடுவதற்கு நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, உனக்கு எதற்குத் துவக்கு? காட்டின் மறுபக்கத்தில் நின்று கத்தி எல்க்கை எங்கள் பக்கம் விரட்டத்தான் ஆளில்லாமல் இருந்தது. நீ இலங்கைக்கு ரெலிஃபோன் கதைத்ததைக் கேட்ட அன்றைக்கே அந்தக் கவலை எங்களுக்குத் தீர்ந்துவிட்டது."