புதன்கிழமை வக்கீலும் ஒரு பித்தளை அண்டாவும்

தர்மபுரியில் புதன்கிழமை என்று ஒரு கிழமையே இல்லாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். மற்ற ஊர்களில் செவ்வாய்க்கு அப்புறம் புதன் வரும். எங்கள் ஊரில் வராது. வரும், வரும் என்று வக்கீல் சொல்லிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். வாசலில் போர்டுகூட மாட்டியிருந்தார். அதன்மேல் எப்போதும் ஈரத் துண்டைக் காயப்போட்டு வைத்திருப்பார் என்பதால் அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கே அவர் 'புதன்கிழமை வக்கீல்'. என்ன வேலையாகப் போனாலும், "ஒண்ணும் கவலப்படாதீங்க, புதங்கெழம முடிச்சிரலாம்" என்பார். எந்தப் புதன்கிழமை என்று வாய் திறந்து கேட்டால், "வர்ற புதங்கெழமதானுங்க. போன புதங்கெழம எப்படிங்க முடிக்கிறது?" என்று நம்மையே முட்டாளாக்கி அனுப்பிவிடுவார்.

மனுஷன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வாலிப வயசில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் ஜாதகத்துக்கு முப்பது வருஷ வில்லங்கச் சான்று கேட்டாராம். பெண்ணுக்கே இருபது வயசுதான். அவள் இன்னொருவரைக் கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுத்துவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அவரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்த பிறகு நம்பினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மாள், நாங்கள் குழாயைத் திறந்தால் உள்ளே இருந்தபடியே செருமுவார். இரண்டாவது குடம் வைத்தால் இரண்டு செருமல். என் மனைவி சரசு அந்தச் செருமலுக்குப் பயந்தே பாதி நாள் பாத்திரத்தைச் சாம்பலோடு விட்டுவிடுவாள்.

அந்த அம்மாள் சித்திரையிலேயே சொல்லிவிட்டார். "தையில எம்பையனுக்குக் கல்யாணம். கார்த்திகையோட காலி பண்ணிருங்க. மார்கழியில குடி போக முடியாது, பாத்துக்குங்க."

சரசு அன்றைக்கே தீர்ப்புச் சொன்னாள். "இங்க பாருங்க, இன்னொரு வாடகை வூட்டுக்கு நான் வர மாட்டேன். இன்னொருத்தி செருமலக் கேக்க என்னால ஆகாது. போனா சொந்த வூடு, இல்லாட்டி எங்கப்பா வூடு." அவள் அப்பா வீடு கம்பைநல்லூரில். என் மாமனாரோடு ஒரு வாரம் இருந்தவர்களுக்கு என் கலக்கம் புரியும்.

வீடும் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் முருங்கை மரம், அதன் நிழலில் ஒரு கிணறு. சரசு கிணற்றை எட்டிப் பார்த்தாள். அப்புறம் வீட்டைப் பார்க்கவே இல்லை. "இதுதாங்க" என்றாள். விற்பவர் சின்னசாமி, இண்டூர் பக்கம் விவசாயம். அப்பா கட்டிய டவுன் வீடு, ஆத்தா போனபின் பூட்டிக் கிடக்கிறது, கொடுத்துவிடுகிறேன் என்றார். எங்கள் ஆபீஸ் கடன் சங்கமும் பணம் தரத் தயார். ஒரே ஒரு கண்டிஷன். பத்திரம் சுத்தமாக இருக்கிறது என்று வக்கீல் ஒரு கடிதம் தர வேண்டும். சங்கத்துக்கு ஒரே வக்கீல்தான். யார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதல் நாள் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கி, ராகம் போட்டு முழுசாகப் படித்தார். நடுவில் நிறுத்தி, "வடக்கு எல்லையில ஒரு புளியமரம்னு போட்டிருக்குதே, அது எங்கிங்க?" என்றார்.

"வெட்டிட்டாங்களாம் சார், அந்தக் காலத்துலயே."

"யாரு வெட்டுனா?"

அது யாருக்குத் தெரியும்! ஆனால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெருத் தெருவாக விசாரித்து, மரத்தை வெட்டியவரின் மகனைக் கண்டுபிடித்து, அவர் வீட்டில் காபி சாப்பிட்டு, மரம் நின்ற இடத்தில் போய் நின்று, ரொம்ப நேரம் இல்லாத மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "மரம் சரியா இருக்குதுங்க. புதங்கெழம வாங்க" என்றார்.

புதன்கிழமை போனேன். ஆபீஸ் திறந்திருந்தது, ஃபேன் சுற்றியது, வாசலில் செருப்புக்கூடக் கிடந்தது. ஆளைக் காணோம். செருப்பு இருக்கிறதே, உள்ளேதான் எங்கேயாவது இருப்பார் என்று நானும் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு ஜோடி செருப்பு வைத்திருக்கிறார், ஒன்றை வாசலில் காவலுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற ரகசியத்தை எதிர் டீக்கடைக்காரர்தான் சொன்னார். அதையும் நான் நாலு டீ குடித்த பிறகு சொன்னார்.

இப்படியே ஆடி வந்தது. "ஆடியில போயி பத்திரம் பேசலாமுங்களா?" என்றார். பேசவில்லை. ஆவணியில் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். சின்னசாமிக்கு ஒரு தங்கை, மாதம்மா, பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கையெழுத்து வேண்டும்.

பத்திரம் எழுதுகிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அட, கட்டிக் குடுத்த பொண்ணுக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுத்து கைநாட்டு வாங்கியாந்தா முடிஞ்சுது. இதுக்குப் போயி!" என்றார். நான் அதை அப்படியே வக்கீலிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று அர்த்தம்.

"அந்தப் புள்ள பொறந்த வூடுங்க அது. பொடவைக்கும் வூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? அது வரணும், வூட்டுக்குள்ள ஒருக்கா கால் வெக்கணும், மனசாரக் குடுக்கறேன்னு சொல்லணும். அப்பத்தான் நீங்க அங்க நிம்மதியாத் தூங்குவீங்க."

"நான் எங்கயாவது தூங்கணும் சார், மொதல்ல!" என்றேன். அவர் காதில் விழவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறினோம். மாதம்மா களியும் கீரைக் கடைசலும் போட்டாள். வக்கீல் வந்த வேலையை மறந்து இரண்டாம் உருண்டைக்குத் தட்டை நீட்டினார். கை கழுவிய பிறகுதான் பேச்சை எடுத்தார். மாதம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கையெழுத்துதானுங்களே? ஒண்ணுக்குப் பத்தாப் போடறேன். எங்கண்ணன் வந்து கூப்புடட்டும்."

"அவுருகூட என்னம்மா சண்ட?"

"ஆத்தா அண்டாவ நான் திருடிட்டு வந்துட்டேனாமுங்க. கருமாதி அன்னிக்கு நாலு பேரு முன்னால கேட்டானுங்க. ஆத்தா எனக்குன்னு சொல்லிக் குடுத்தது. அதுலருந்து அவன் மூஞ்சில நான் முழிக்கல."

அண்டா! ஒரு பித்தளை அண்டா! அதற்காக என் குடித்தனம் நடுத்தெருவில் நிற்கிறது. திரும்பி வந்து சின்னசாமியைப் பிடித்தால், அவர் அதற்கு மேல். "நான் போயிக் கூப்புடறதா? வூட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போனவ அவ. அண்டாவக் கொண்டாந்து வெக்கட்டும், நான் தேரு வெச்சுக் கூப்புடறேன்."

வக்கீல் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "புதங்கெழம பேசிக்கலாம்."

அந்தச் சமயத்தில்தான் அவர் ஆபீசில் தண்ணீர்ப் பானை உடைந்தது. அடுத்த முறை போனபோது மூலையில் ஒரு பெரிய பித்தளை அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். "ஏது சார் இது?" என்று கேட்டேன். "ஒரு கட்சிக்காரங்க பத்திரமா வெச்சிருங்கன்னு குடுத்தாங்க. சும்மா கெடக்குதேன்னு தண்ணி ஊத்தி வெச்சேன்" என்றார். என் மரமண்டைக்கு அப்போதும் எட்டவில்லை. அண்டா ஒன்றால் தெருவுக்கு வரப்போகிறவன், இன்னொரு அண்டாவிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னசாமியும் வருவார், குடிப்பார். "எந்தக் கெணத்துத் தண்ணிங்க? நல்லாருக்குது" என்றுகூடக் கேட்டார்.

கார்த்திகை பிறந்தது. ஓடியது. வீட்டுக்கார அம்மாள் இப்போது நாங்கள் குழாயைத் திறக்காமலே செரும ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து சுவரைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனான். மாதக் கடைசிப் புதன்கிழமை காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பினால், சரசு பாயைச் சுருட்டிக் கட்டி எழுந்து நின்றாள். ஒரு கையில் பாய், ஒரு கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், இடுப்பில் துணிமூட்டை.

"எங்க கெளம்பிட்ட? கம்பைநல்லூருக்கா?" என்றேன்.

"வக்கீல் ஆபீசுக்கு."

போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அதிசயமாக அன்றைக்கு வக்கீல் இருந்தார். சின்னசாமியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சரசு யாரையும் பார்க்கவில்லை. நடு ஆபீசில் பாயை விரித்தாள்.

"அம்மா, என்னம்மா இது?" என்றார் வக்கீல்.

"குடித்தனம் வந்திருக்கேனுங்க. நீங்க எந்தப் புதங்கெழம முடிக்கிறீங்களோ, அது வரைக்கும் இங்கதான் சோறாக்கறது, இங்கதான் படுக்கறது. மத்தியானத்துக்கு உங்களுக்கும் சேத்து ஒலை வெக்கட்டுங்களா?"

சொல்லிவிட்டு, ஸ்டவ் வைக்க மூலையில் இடம் பார்த்தாள். அண்டா இடித்தது. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருப்புத் திருப்பித் தள்ளினாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் எங்களைப் பார்த்தது. அதில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. மாரியாயி.

சின்னசாமி எழுந்தார். கிட்டப் போய்க் குந்தி, அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எங்க ஆத்தா அண்டா."

"ஆமா, நான் திருடுனதுதான். வக்கீலய்யாகிட்ட ஒப்படச்சிட்டேன். தூக்கிட்டுப் போ." வாசலில் மாதம்மா நின்றாள். அவளையும் அதே புதன்கிழமைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் ஸ்டவ்வை எடுத்து ஓரமாக வைத்தேன். சின்னசாமி திரும்பவே இல்லை. அண்டாவிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார். "உன் மொத பிரசவத்துக்கு இதுலதான் ஆத்தா வெந்நி காயவெச்சுது."

மாதம்மா உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் குந்தினாள். அப்புறம், "வெறகு நீதானண்ணா பொளந்த" என்றாள். "ஏன் இப்பிடி எளச்சுப் போயிட்ட?"

அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேரும் அழுத அழுகையில், எதிர் டீக்கடைக்காரர் யாரோ செத்துப்போனதாக நினைத்துக் கடையைச் சாத்தப் பார்த்தார். அழுது முடித்து, மறுபடி சண்டை. "நீ எடுத்துட்டுப் போ." "இல்ல, நீ கொண்டு போ." "எனக்கு வேண்டாம், உனக்குத்தான்." வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது வேற வில்லங்கமா?" என்றார்.

சரசுதான் முடித்தாள். "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா ஆத்தா இருந்த வூட்டுலயே இருக்கட்டுங்க. நான் தேச்சு வெக்கறேன். உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வந்து பாத்துட்டு, ஒரு வாயி சாப்புட்டுட்டுப் போங்க."

மாதம்மா அண்ணனோடு போய் அந்த வீட்டுக்குள் கால் வைத்துவிட்டு வந்தாள். வக்கீல் அலமாரியைத் திறந்தார். பத்திரம் முழுசாக டைப் அடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, உள்ளே கிடந்தது. சங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய கடிதமும் அப்படியே. ஆடிக்கு முன்னாலேயே எழுதி முடித்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கட்டிக்கொள்வதா, கடிப்பதா என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கப் புதன்கிழமை புதன்கிழமை என்றவர், பதிவை மட்டும் வியாழக்கிழமை நடத்திக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். அண்ணனும் தங்கையும் அண்டாவைத் தூக்கி வந்து சமையல்கட்டில் வைத்தார்கள். வக்கீல் வரவில்லை.

வந்தார், அடுத்த புதன்கிழமை. நேராக உள்ளே போய், அண்டாவில் ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்தார். "பத்திரம் பக்காங்க" என்றார். அன்றிலிருந்து வாராவாரம் வந்தார். கட்சிக்காரர்களுக்கு வராத புதன்கிழமை, எங்கள் வீட்டுக்கு மட்டும் தவறாமல் வந்தது. சரசு அன்றைக்குக் களி கிண்டிவிடுவாள்.

ஒருநாள் அவள் கேட்டாள். "ஏனுங்கய்யா, உங்க சொந்த வூடு எந்தத் தெருவுங்க?"

"எனக்கேதும்மா? வாடகைதான். ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பத்திரத்துல ஒரு சின்ன வில்லங்கம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "புதங்கெழம முடிச்சிரலாம்."

முடிக்கவில்லை. சில வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நான் ஓடிப்போனபோது அவருடைய வீட்டு ஓனர் வாசலில் நின்று, "பொழங்கற வூடுங்க, பொணத்தை இங்க வெக்க முடியாது, நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் நான் வீட்டுக்கு வந்தேன். சரசு முழுசாகக் கேட்கக்கூட இல்லை. கூடத்தில் இருந்த சாமானை ஒதுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க கொண்டாங்க. எத்தன வூட்ட முடிச்சுக் குடுத்த மனுசன், ஒரு வூட்டுலருந்து போக வேண்டாமா?"

சின்னசாமி வந்தார். மாதம்மா முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அவரைக் குளிப்பாட்ட எங்கள் கிணற்றிலிருந்து அந்த அண்டா நிறையத் தண்ணீர் இறைத்து வைத்தோம். புதன்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஒரே நாள்தான். வாசலில் தெருவே கூடி நின்றது. புதிதாகக் குடி வந்த ஒரு பெண் சரசுவிடம் மெதுவாக, "உங்களுக்கு இவரு என்ன ஒறவுங்க?" என்று கேட்டாள்.

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வூட்டு மனுசருங்க" என்றாள்.