இறுக்கிவிட்டு வந்த அப்பா

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம், நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அம்மா, "சுருக்கமா எழுதுடி" என்றாள். சுருக்கமும் உண்மையும் சேர்ந்து வருமா என்று தெரியவில்லை.

அப்பா வேலை பார்த்த அணுமின் நிலையத்தை மூடிவிட்டது உங்களுக்குத் தெரியும். மூடினால் பூட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். கதிர்வீச்சு இருப்பதால் நிலையத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து, உறையில் கட்டித்தான் வெளியே அனுப்ப வேண்டுமாம். அதற்கென்றே ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. பழைய ஆட்களில் தேர்வில் தேறியவர்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், நான் பள்ளி மாற வேண்டும், அதுவும் பள்ளி நூலகத்தில் பாதி அலமாரிதான் படித்து முடித்திருக்கிறேன். தேர்வு எளிதுதான். கதிர்வீச்சே இல்லாத, மோட்டாரோடு இணைத்த ஒரு மாதிரிக் குழாய். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதைக் கழற்ற வேண்டும். அப்பா மின்சாரத்தை நிறுத்தவில்லை. குழாயைத் தடவிப் பார்த்தார். ஒரு போல்ட் தளர்ந்திருந்தது, இறுக்கினார். பக்கத்து போல்ட்டையும் இறுக்கினார். துணியால் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"அண்ணே, கழட்டச் சொன்னா இறுக்கிட்டு வந்து நிக்கிறீங்களே!" என்றாராம் பிரிப்புக் குழுத் தலைவி.

"லூசா இருந்துச்சும்மா. கண்ணால பாத்துட்டு எப்படி விட்டுட்டு வர்றது?"

"திங்கக்கிழமை இன்னொரு தடவை வாங்க. அதுதான் கடைசி."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "துக்க வீட்டுக்குப் போனாலும் பிணத்துக்கு நாடி பாத்து மருந்து குடுத்துட்டு வர்ற மனுஷன்!"

வீட்டிலேயே பிரித்துப் பழகட்டும் என்று மிக்சியைக் கொடுத்தாள். ஓடாமல் கிடந்த மிக்சி இப்போது ஓடுகிறது. ஆடிய நாற்காலி ஆடவில்லை. குளியலறைக் கதவு சரியாகச் சாத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "இதையும் பிரிச்சுப் பழகுங்களேன்" என்கிறார். "புருஷன் ரிப்பேர் பண்றான்னு அழுற பொம்பளை ஊருலயே நான் ஒருத்திதான்" என்கிறாள் அம்மா. கடைசியில் நான் என் புத்தக அலமாரியைக் கொடுத்தேன். அது எனக்காக அப்பா செய்தது.

"இதுக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. பிரிக்கணும், அவ்வளவுதான்."

திருப்புளியை ஒரு திருகில் வைத்தவர், திரும்ப எடுத்துவிட்டார். "எதுவும் நின்னுடாம பாத்துக்கிறதுதாம்மா இத்தனை வருஷமா என் வேலை. நல்லா இருக்கிறதை நானே எப்படி…" என்று எழுந்து போய்விட்டார்.

நாளை திங்கட்கிழமை. ஆகவே, மாமாவின் கடையில் அப்பாவுக்கு ஒரு வேலை வேண்டும் என்றும், நீங்களே நேரில் வந்து அவரை அழைத்துப் போக வேண்டும் என்றும் அம்மா கேட்டுக்கொள்கிறாள். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியை வேண்டும்,

அண்ணன் மகள்.

பி.கு.: அத்தை, புறப்பட வேண்டாம். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், இருட்டில் எழுதுகிறேன். உறை தேடிக்கொண்டிருந்தபோது கூடத்தில் சத்தம் கேட்டது. அப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற கையுறையோடு மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றார்.

"மர அலமாரிக்கு எதுக்குங்க கரண்ட்டை நிறுத்தணும்?" என்றாள் அம்மா.

"முதல் விதி அதுதான். எல்லாரும் தள்ளி நில்லுங்க. பாப்பா, புஸ்தகமெல்லாம் பத்திரமா எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்பா."

அவர் கை சுவிட்சின் மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. உண்மைக்காகப் பதிவு செய்கிறேன்: விளக்குகளை அணைத்தது அப்பாதான்.