மாமியாருக்கு வயது ஆறு

தன் உறவினருக்கு ஆதாயம் தரும் எந்தத் தீர்மானத்திலும் மக்கள் பிரதிநிதி வாக்களிக்கலாகாது. நல்ல விதி. சட்டமன்றத்தில் அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். இன்றும் அதில் ஒரு குறை சொல்லத் தெரியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரின் பிரதிநிதி ஐபிலி. நான் அவருடைய உதவியாளன். பன்னிரண்டு ஆண்டு அரசியலில் அவர் கேட்டது ஒன்றே: ஜூன் வரை சுரங்கத் தாது ஏற்றும் கப்பல் எங்கள் விரிகுடாவின் பனியை உடைக்கக் கூடாது. சீல் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு உறைந்த கடல்தான் சாலை. போன வசந்தத்தில் கப்பல் அதைப் பிளந்துகொண்டு போக, அக்கரையில் இருவர் ஒன்பது நாள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கோரிக்கை மீதான வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் தெற்கிலிருந்து நடுநிலை அலுவலக அதிகாரி கான்ராட் வந்து இறங்கினார், உறவினர் பட்டியல் படிவத்தோடு. ஐபிலி வீட்டில் அதை நிரப்ப உட்கார்ந்தோம். ஒரு சிறுமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மாப்ளே, மான் நாக்கு இருக்கா?"

ஐபிலி எழுந்து நறுக்கிக் கொடுத்தார்.

"யார் இது?" என்றார் கான்ராட்.

"என் மாமியாருங்க."

"வயசு?"

"ஆறு. செத்து ஏழு வருஷமாச்சு."

கான்ராட் இரண்டையும் குறித்துக்கொண்டார். ஒருவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் அவருடைய உறவும் கூடவே வந்துவிடும் என்று விளக்கினேன். பிறகு ஐபிலியின் காதில், "சின்னப் பொண்ணுதானே, விட்டுரலாமே" என்றேன்.

"மாமியாரை எப்படிய்யா விடறது? நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்க வேணாமா?"

மாலைக்குள் பட்டியலின் நீளம் ஊரின் மக்கள்தொகையைத் தாண்டியது. சிலர் இரண்டு உறவாக இருந்தார்கள். ஐபிலி தகுதியிழந்தார். அடுத்த வாரம், இதே பெயர் உறவுகளால், மற்ற பதினேழு உறுப்பினர்களும். வடக்கைப் பற்றி முடிவெடுக்க, வடக்கில் ஒரு உறவும் இல்லாதவரே தகுதியானவர் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. அப்படி இருந்தவர் கான்ராட் ஒருவர்தான்; முடிவு அவர் கைக்குப் போனது.

அவர் நல்ல மனிதர். பனியில் மூன்று மணி நேரம் எங்களோடு நடந்தார், கேட்டார், கப்பலுக்குத் தடை எழுதினார். கையெழுத்து திங்கட்கிழமை. ஞாயிறன்று என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நன்றி சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை. "கான்ராட்னு வைம்மா" என்றேன்.

திங்கட்கிழமை என் மகள், தன் பிள்ளையின் பெயர்க்காரர் என்பதால், அவரை "வா மகனே" என்று கட்டிக்கொண்டாள். அவர் கண் கலங்கியது. பிறகு பேனாவை மூடினார்.

"இப்ப நானும் உறவுக்காரன்."

"கையெழுத்துப் போட்டுட்டு உறவாகுங்களேன்" என்றார் ஐபிலி.

"பேரு நேத்தே வச்சாச்சே."

ஐபிலி யோசித்தார். "நியாயந்தான்" என்றார்.

உறவில்லாத தரப்பு ஒன்றுதான் மீதி: கப்பல் நிறுவனம். கோப்பு அவர்களுடைய மேலான பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் காலதாமதமின்றி முடிவெடுத்தார்கள்.

ஏப்ரலில் பனி பிளந்தது. கரையில் நின்றோம். வேட்டைக்குப் போயிருந்த என் அண்ணன் குரல் அக்கரையிலிருந்து வாக்கி-டாக்கியில்.

"யாருடா கப்பலை விட்டது?"

"எல்லாரும் விதிப்படிதான் நடந்துக்கிட்டோம், அண்ணே."

"சரி. எங்களுக்குப் படகு அனுப்பறதை யாரு முடிவு பண்றா?"

ஐபிலி கான்ராட்டைப் பார்த்தார். கான்ராட் என் மகள் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். நான் கடலில் கப்பலைப் பார்த்தேன். தகுதியுள்ளவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.