தையல் மிஷினுக்கு அடியில் தங்கம்

ஆற்று மணலில் கடுகளவு தங்கம் கிடைத்ததுதான் தாமதம், ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது. முடிதிருத்துபவர் கத்தரியை வைத்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கினார். வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு மைதானத்தைத் தோண்டினார். தெருவில் முகம் பார்த்துப் பேசுவதுகூட நின்றுபோனது. நிமிர்ந்தால் குழிக்குள் விழவேண்டியதுதான்!

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் குச்சிக்காரர். கவைக்குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடுவார். அடியில் தங்கம் இருந்தால் குச்சி துள்ளும். கூலி வாங்கும்போது மட்டும் கண் நன்றாகத் திறந்திருக்கும். தோண்டியும் தங்கம் கிடைக்காவிட்டால்? "இன்னும் ஆழமாத் தோண்டணும்." தண்ணீர் வந்துவிட்டால்? "தோண்டினவன் மனசு சுத்தமில்ல." பதிலுக்குப் பஞ்சமே இல்லை, தங்கத்துக்குத்தான்.

அந்த ஊர்த் தையற்காரியின் கணவன் தச்சன். நல்ல வேலைக்காரன். குச்சி துள்ளியதென்று கொல்லையைத் தோண்டினான், சமையலறையைத் தோண்டினான். அவள் இப்போது பலகைமேல் நின்றுதான் சமைக்கிறாள். கடைசியாகக் குச்சி, தையல் மிஷின் இருக்கும் மூலையில் துள்ளிவிட்டது. கூரையைத் தாங்குவதே அந்த மூலைச் சுவர்தான்.

"என்னங்க, வீடு விழுந்துடும்."

"விழட்டுமே. மாடியா கட்டிக்கலாம்."

சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. அன்று மதியம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ தைத்தாள்.

மறுநாள் தோண்டுவதைத் தொடங்கிவைக்கக் குச்சிக்காரர் வந்தார். பின்னாலேயே பாதி ஊர். அவரை நாற்காலியில் மெத்தை போட்டு உட்காரவைத்தாள்.

"ஐயா, எவ்வளவு தங்கம் இருந்தா குச்சிக்குத் தெரியும்?"

"குன்றிமணி அளவு போதும்மா."

"நகையா இருந்தாலும்?"

"தங்கம்னா தங்கம்தானே! என்ன கேள்வி இது?"

"அப்ப இந்த அறையில வேற எங்கயாவது இருக்கான்னு பாத்துடுங்களேன். சுவர் விழுந்தப்புறம் தேட முடியாது பாருங்க."

குச்சிக்காரர் எழுந்தார். கண்ணை மூடி அறையைச் சுற்றினார். அலமாரி, கட்டில், நாற்காலி, மெத்தை எல்லாவற்றின் மேலும் குச்சி போய்வந்தது. மிஷின் மூலையில் மட்டும் மீன்போலத் துள்ளியது.

"இங்க மட்டும்தான். வேற எங்கயும் பொட்டுத் தங்கம் இல்ல" என்று மறுபடி நாற்காலி மெத்தையில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் எழுந்திரிங்கய்யா."

மெத்தையைக் கத்தரித்தாள். பஞ்சுக்குள்ளிருந்து அவளுடைய சங்கிலியும் வளையலும் வந்து விழுந்தன.

"நகையில செம்பு கலந்திருக்கும், அதான் குச்சி..."

"தங்கம்னா தங்கம்தான்னு இப்பத்தானே சொன்னீங்க?" கேட்டவன் தச்சன். தான் பறித்த சமையலறைக் குழியை ஒருமுறை பார்த்தான். கடப்பாரையைக் கொண்டுபோய் வெளியே வைத்தான்.

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். குச்சிக்காரர் குச்சியைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார்.

முடிதிருத்துபவர் தயங்கித் தயங்கிக் குச்சியைப் பொறுக்கினார். "ஒருவேளை குச்சிதான் பழசோ? புதுசா ஒண்ணு வெட்டினா..."

தையற்காரி அதை வாங்கி இரண்டாக ஒடித்தாள்.

"ஊர் பூராத் தோண்டியாச்சுண்ணே. நம்ம மண்டை ஒண்ணுதான் பாக்கி. உள்ளே ஏதாவது இருக்கான்னு முதல்ல அதைத் தட்டிப் பாருங்க."