கதிரைக்கும் பிடித்த கச்சான் கண்

கல்முனைக் கடற்கரை வீதியில் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால், விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்த கையோடு வரிசை தொடங்கிவிடும். பாலமுனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தார்கள். ஒலுவிலிலிருந்து வேனில் வந்தார்கள். காரைதீவிலிருந்து கலாராணி வந்தாள், சும்மா வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் வந்தது மஜீட் பரிசாரியைப் பார்க்க. அவர் எந்த ஊர் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர் சொன்னார்கள். ஆனால் அவருடைய டிக்டொக் வீடியோவை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு வைத்தியருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இந்தக் கரையில் எல்லாருக்கும் உதடு வெடிக்கும், கன்னம் பொருக்கு விடும். வறண்ட காற்று, காய்கிற தோல், அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று சொன்னால் யார் காசு தருவார்கள்? அது வறட்சி இல்லை, காற்றோடு ஏறி வந்து முகத்தில் குந்திக்கொள்கிற கண்ணூறு, 'கச்சான் கண்' என்றார் மஜீட். இப்போதே இறக்காவிட்டால் வாடையில் மேனி கறுக்குமாம், மாரியில் குடும்பமே முறியுமாம். ஆகவே பருவத்துக்கு ஒரு போத்தல் எண்ணெய்: கச்சானுக்குச் சிவப்பு மூடி, வாடைக்கு நீல மூடி, மாரிக்குப் பச்சை மூடி. மூன்றுக்குள்ளும் இருந்தது ஒரே எண்ணெய் என்பதை மூக்குள்ள எவரும் கண்டுபிடித்திருக்கலாம். வரிசையில் மூக்கில்லாதவர் என்று ஒருவரும் இல்லை.

சும்மா நம்பச் சொல்லவில்லை மனிதர், சோதனையும் வைத்திருந்தார். அவர் தருகிற சவர்க்காரத்தைப் போட்டு, முகத்தில் நுரை இருக்கும்போதே அவர் தருகிற மஞ்சள் துணியால் துடைக்க வேண்டும். துடைத்தால் துணி வெற்றிலைத் துப்பல் மாதிரிச் சிவக்கும். அந்தத் துணியை அவருடைய தண்ணீர்ப் பேசினுக்குள் போட்டால் மறுபடி மஞ்சளாகும். "கண்டீங்களா, கண் தண்ணிக்குள்ள இறங்கிட்டு!" என்பார். "யா அல்லாஹ்!" என்று வரிசை மூச்சுவிடும். பிறகு வீட்டுக்குப் போய் அதே சவர்க்காரத்தைத் தேய்ப்பார்கள். கச்சான் காற்றில் அந்தக் காரம் போதாதா, முகம் இன்னும் வெடிக்கும். இன்னொரு போத்தல் வாங்க வருவார்கள்.

கலியாணத்துக்கு நாள் குறித்திருந்த பாஹிமா தானாக அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாள். அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. கச்சானில் முகத்துக்குச் சவர்க்காரம் இல்லை, வெறும் தண்ணீர்தான், ஈரம் காயுமுன் துளி தேங்காய் எண்ணெய். மழை தொடங்கினால் எண்ணெயைக் குறைத்து, சவர்க்காரத்தைத் திரும்ப எடுப்பாள். டிக்டொக்கில் போட முடியாத அளவுக்குச் சப்பென்ற வைத்தியம். அப்படியும் மூக்கோரம் கொஞ்சம் உரியும், அதற்காக அவள் உறக்கத்தைத் தொலைத்ததில்லை.

ஆனால் அவளுக்கு மாமியாராக வரப்போகிற றபீக்கா தொலைத்தாள். நஸீமுக்கும் பாஹிமாவுக்கும் அடுத்த மாதம் கலியாணம். பெண் வீட்டார் சாய்ந்தமருதில் வீடு கட்டி, பெயின்ற் அடித்து, மாப்பிள்ளை வந்து குடியேறுவதற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் றபீக்காவின் பார்வை மருமகளின் மூக்கோரத்தில் விழுந்தது. கையைப் பிடித்து மஜீட்டிடம் கூட்டிப் போனாள். நஸீமும் பின்னால் வந்தான். துணி சிவந்தது. சிவக்காமல் என்ன செய்யும்?

"இந்தக் கண்ணோட நிக்காஹ் முடிச்சா மாப்புளக்கித்தான் புடிக்கும்" என்றார் மஜீட். "வாடை வரைக்கும் பொறுங்க. மூணு போத்தலும் பாவிக்கட்டும்."

"ஓம், பொறுத்திருவம்" என்றாள் றபீக்கா. நஸீம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் செருப்பில் அப்படி என்ன எழுதியிருந்ததோ!

பாஹிமாவுக்கு நஸீமை உண்மையாகவே பிடிக்கும். அதனால்தான் அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. மறுநாள் அந்த ஆத்திரத்தையெல்லாம் ஒரு மேசைச் சீலையின் மேல் காட்டினாள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாப்பாடு வைத்தபோது மஞ்சள் தூள் போட்ட ஆணக் குழம்பு சிந்திய சீலை அது. கறையில் சவர்க்காரத்தைப் போட்டு உரஞ்சினாள். மஞ்சள் கறை சிவந்தது. வழக்கமாகச் சிவப்பதுதான், உடுப்புக் கழுவத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்துச் சலித்த சிவப்பு. அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தாள். எழும்பி ஓடிப்போய் ஒரு தேசிக்காயை வெட்டிக் கறையில் புளியைப் பிழிந்தாள். கறை மறுபடி மஞ்சளானது. பரிசாரியின் துணியில் அடித்த மஞ்சள் வாசமும், பேசினில் அடித்த புளிப்பு வாசமும் அப்போதுதான் மூளைக்கு எட்டியது.

"உம்மா, ஓடி வாங்க! மேசச் சீலக்கும் கச்சான் கண் புடிச்சிரிக்கி!" என்று சிரித்த சிரிப்பில், மகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று உம்மா பயந்தே போனாள்.

போத்தல் வாங்க வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று மாமியாரையும் நஸீமையும் கூட்டிக்கொண்டு பாஹிமா கடைக்குப் போனாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மஜீட் எழுந்து வரவேற்றார். இருந்த கதிரையை விட்டு எழுந்ததுதான் அவர் செய்த பிழை.

"பரிசாரியார், எனக்கு முந்தி இந்தக் கதிரைக்கு ஒருக்காப் பாப்பம்" என்றாள்.

"பிளாஸ்ரிக் கதிரைக்கா? என்ன புள்ள, பகிடியா?"

"இதுவும் காத்துக்குள்ளதானே இரிக்கி, பாவம்!"

அவர் மறிக்குமுன் அவருடைய சவர்க்காரத்தைக் கதிரையின் முதுகில் தேய்த்து, அவருடைய மஞ்சள் துணியால் துடைத்துத் தூக்கிப் பிடித்தாள். துணி செக்கச் செவேலென்று இருந்தது.

இனி எல்லாருக்கும் விளங்கிவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கலாராணி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, கதிரைக்கும் பிடிச்சிட்டு! அப்ப இதில இருந்துதான் நமக்கெல்லாம் தொத்தினதோ?" பக்கத்துக் கதிரைகளில் குந்தியிருந்தவர்கள் பலர் எழும்பித் தங்கள் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்கள்.

பாஹிமா தலையில் கை வைக்கவில்லை. வாசல் குழாயில் வெறும் தண்ணீரால் முகத்தைக் கழுவி, அவருடைய புது மஞ்சள் துணியொன்றால் துடைத்தாள். துணி மஞ்சளாகவே இருந்தது.

"நேத்து எனக்கிட்ட இரிந்த கண் எங்க போச்சு, பரிசாரியார்? ஒரு போத்தலும் இன்னம் நான் வாங்கல்லியே!"

"சில நேரம் அது ஒளிஞ்சி நிக்கும்" என்றார் மஜீட். குரல் மெலிந்திருந்தது.

"முகத்துலயா, சவர்க்காரத்துலயா? ஆணத்து மஞ்சள் கறைக்குச் சவர்க்காரம் போட்டா என்ன நிறம் வரும்? உடுப்புக் கழுவாத ஆள் இஞ்ச ஆரும் இரிக்கிறீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேசினுக்குள் விரலைவிட்டு நக்கிப் பார்த்த ஒருத்தி, "தேசிக்காப் புளி, புள்ள!" என்று கத்தினாள். றபீக்காவும் பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள். தன் வாயால் தள்ளிப்போட்ட கலியாணம் அவள் முகத்தில் தெரிந்தது. சவர்க்காரத்தை எடுத்து மகனிடம் நீட்டினாள்.

"பரிசாரிட முகத்துலயும் ஒருக்காப் பாரு, மகன்."

"எனக்குத் தேவல்ல, எனக்குக் காவல் இரிக்கி..."

"காவல் இரிக்கிற ஆளுக்கு ஏன் இந்த நடுக்கம்?"

நஸீம் தேய்த்தான், துடைத்தான். துணி சிவந்தது. வரிசை முழுவதும் வெடித்துச் சிரித்தது.

"பொல்லாத கண், பரிசாரியார்" என்றாள் றபீக்கா. "வாடை வரைக்கும் கடயப் பூட்டிட்டுப் பொறுங்க. மூணு போத்தலையும் நீங்களே பாவிங்க."

மஜீட் மத்தியான லுஹர் பாங்கு வரைகூடப் பொறுக்கவில்லை. முகத்து நுரையைக் கழுவாமலே ஓட்டோவில் ஏறினார். அவர் போன மறு நிமிடமே ஊரில் எல்லாரும் அறிவாளி ஆகிவிட்டார்கள். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் கலாராணி. "நானும் அப்பவே நினைச்ச" என்றாள் மூன்று போத்தலும் வாங்கியவள்.

நஸீமும் மெல்லப் பக்கத்தில் வந்தான். "எனக்கும் அண்டைக்கே சந்தேகம்தான், பாஹிமா. உம்மாக்கு முன்னால எப்பிடிக் கேக்கிற எண்டுதான்..."

"உம்மா நம்பினாங்க, நீங்க சந்தேகப்பட்டீங்க" என்றாள் பாஹிமா. "ரெண்டு பேரும் சேர்ந்துதானே என்ட கலியாணத்த நிப்பாட்டின? உம்மாவயாவது பரிசாரி ஏமாத்தின எண்டு சொல்லலாம். உங்கள என்ன எண்டு சொல்ற?"

நஸீமுக்கு முகம் கறுத்தது. அதற்கு எந்தக் காற்றும் காரணமில்லை.  பிறகு திரும்பி, வரிசை முழுவதும் கேட்கிற குரலில் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாயைக் கேள்வி கேட்டான்: "உம்மா, கலியாணத்த நாம ஏன் தள்ளி வெச்ச?"

றபீக்கா பாஹிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குறிச்ச நாளுக்கே வைப்பம், மகன்" என்றாள்.

அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு பெண் அழுதிருக்க மாட்டாள். ஆகவே, சனங்களே, மனதுக்குள் சந்தேகப்பட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வராதீர்கள். வாயைத் திறந்து நம்பியவனும், வாயை மூடிச் சந்தேகப்பட்டவனும் பரிசாரியின் கையில் கொடுத்தது ஒரே காசுதான்.