படகு தொங்கியது, நான் பானையைப் பிடித்தேன்

நான் கட்டிய முடிச்சு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரு காலத்தில் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிந்தேன். இப்போது யாராவது வற்புறுத்திக் கேட்டால் சொல்வேன், அதுவும் வதனி பக்கத்தில் இல்லாத நேரத்தில். (வதனி என் மனைவி. இதை வாசிக்கும்போது இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பா. சிரிக்கட்டும்.)

பதினெட்டு வருடமாக ஒரு களஞ்சியத்தில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றுகிறேன். ஏற்றுவது பெரிய வித்தை இல்லை, கட்டுவதுதான் வித்தை. லொறி வளைவில் திரும்பும்போது உள்ளே ஒரு பெட்டி அசைந்தாலும் பழி நம் தலையில்தான் விழும். நான் கட்டிய பெட்டி ஒன்றும் இதுவரை அசைந்ததில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது, கூடவே ஒரு படகையும் பாதி கவிழ்த்தது.

நாங்கள் இருப்பது சுவிஸில், பீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஏரித் தண்ணீரை ஆரே ஆற்றின் பக்கம் கொண்டுபோகும் கால்வாய் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. இந்த ஊரில்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். முதல் நேர்காணலில் ஏழு அமைச்சர்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னேன். குழுவின் தலைவி கெர்பர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்கள் எந்த ஃபெரைனில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஃபெரைன் என்றால் சங்கம். இந்த நாட்டில் மூன்று பேர் முயல் வளர்த்தால் அதற்கும் ஒரு சங்கம், தலைவர், செயலாளர், வருடாந்தக் கூட்டம் எல்லாம் உண்டு. நான் கோயில் சபை, தமிழ்ப் பள்ளிக்கூடம், ஊர் ஒன்றியம் என்று அடுக்கினேன்.

"மிக நல்லது. ஆனால் இந்த ஊரில்?" என்றார் அவர்.

இந்த ஊரில் நான் குப்பை போடுகிற இடமும் பேருந்து ஏறுகிற இடமும்தான் எனக்குத் தெரியும். விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டு, கொஞ்சம் ஊரோடு பழகிவிட்டு மறுபடி வாருங்கள் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள்.

எனக்கென்றால் பரவாயில்லை, இருந்த மாதிரியே இருந்துவிடுவேன். ஆனால் மகள் ஆரணிக்குப் பொலிஸ் வேலையில் சேரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. சுவிஸ் கடவுச்சீட்டு இல்லாமல் எங்கள் பக்கத்துப் பொலிஸ் பள்ளிக்கூடத்தில் காலடி வைக்க முடியாது. அவளுடைய பெயரும் என் விண்ணப்பத்தில்தான் இருந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அப்பா, ஏதாவது ஒரு ஃபெரைனில சேருங்கோவன்."

"எதில பிள்ளை?"

"எதில எண்டாலும். முயல் எண்டாலும் பரவாயில்லை."

முயலுக்குப் பதிலாகப் படகு கிடைத்தது. முன்பு கால்வாயில் சரளைக்கல் ஏற்றிய ஒரு பழைய இரும்புப் படகு கரையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் திருத்தி, முதியோர் இல்லத்து ஆட்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் இலவசமாக ஏற்றிக்கொண்டு போவதற்கென்று ஊரில் சிலர் ஒரு ஃபெரைனாகச் சேர்ந்து சனிக்கிழமைகளில் வேலை செய்தார்கள். அவர்களின் கப்டன் ரூடி, ஓய்வுபெற்ற ரயில் சாரதி. (இவர்கள் பேசியதெல்லாம் ஜெர்மன். நான் விளங்கிக்கொண்ட அளவுக்குத் தமிழில் எழுதுகிறேன்.)

"நீ தீவிலிருந்து வந்தவன். படகெல்லாம் பழக்கமாக இருக்குமே?" என்று ரூடி கேட்டார்.

"பின்னே இல்லாமலா!" என்றேன்.

நான் பிறந்தது சுன்னாகத்தில். அங்கே கடல் கிடையாது. படகு என்று நான் ஏறியது நயினாதீவுக்குப் போன லோஞ்சில் ஒரே ஒரு தடவை, அதிலும் போகும்போதும் வரும்போதும் வாந்தி. நீச்சலும் தெரியாது. அதை ரூடி கேட்கவில்லை, நானும் வலியச் சொல்லவில்லை.

இரண்டு குளிர்காலம் துரு சுரண்டினோம். காதுக்குள், மூக்குக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்குள் எல்லாம் துரு. பத்து மணிக்குக் கோப்பி இடைவேளை வரும். ஒவ்வொருவரும் தாளில் சுற்றிய தங்கள் பாண் துண்டைத் தாங்களே எடுத்துத் தனித்தனியாகக் கடிப்பார்கள். எனக்கு அதைப் பார்க்க என்னவோ செய்தது. அடுத்த சனிக்கிழமை வதனி சுட்ட நாற்பது ரோல்ஸோடு போனேன். முதலில் பாதிப் பாதியாக வெட்டி, ஆளையாள் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு எல்லோரும் பாண் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். கடவுச்சீட்டுக்காகத்தான் போனேன், உண்மைதான். ஆனால் சனிக்கிழமை காலையில் மணிக்கூடு அடிக்கமுதலே எழும்பி உட்காருகிற அளவுக்கு எனக்கு அந்த மனிதர்களைப் பிடித்துப்போயிற்று.

படகு தண்ணீரில் இறங்கியதும், முதல் ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். படகின் முன்பக்கத்துக் கயிற்றை ரூடி என் பொறுப்பில் தந்தார். கால்வாயில் ஒரு இடத்தில் ஷ்லொய்சே இருக்கிறது. இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே போனதும் பின்கதவு மூடும், தண்ணீர் இறங்கும், படகும் கூடவே இறங்கும், பிறகு முன்கதவு திறக்கும். அதுவரை படகு ஆடாமலிருக்க, கயிற்றைச் சுவரிலுள்ள கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

"ஒருபோதும் கட்டாதே, சிவா. கையில் மட்டும்," என்றார் ரூடி. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொன்னார்.

"விளங்கிவிட்டது," என்றேன் பத்துத் தடவையும்.

முதல் ஓட்டத்துக்கு விருந்தாளிகளாக முதியோர் இல்லத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஊர்மன்றத்தின் சார்பில் வெள்ளைக் காற்சட்டையோடு வந்தவர் சாட்சாத் கெர்பர் அம்மையார். எங்களுடைய இரண்டாவது நேர்காணல் அடுத்த வியாழக்கிழமை. வதனி அவரைக் கண்டதும் என் சேட்டுக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தா.

"இஞ்சாருங்கோ, அவவுக்கு வடிவாச் சாப்பாடு குடுக்கவேணும். ஆனா நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. வாயைத் திறந்தா ஏதாவது அளப்பியள்."

சாப்பாட்டுக்கு என்ன குறை? முப்பது பேருக்குக் காணக்கூடிய கோழிப் புரியாணி ஒரு பானையில், பக்கத்தில் குழம்பு, ரோல்ஸ், சம்பல். சலாட்டுக்கு வெங்காயம் வெட்டவென்று வதனி வீட்டு இறைச்சிக் கத்தியையும் எடுத்து வந்திருந்தா. படகில் இருந்தது பதினாறு பேர்.

ஷ்லொய்சேக்குள் ஒழுங்காகப் போனோம். பின்கதவு மூடியது. நான் கயிற்றைக் கட்டையில் சுற்றி, நுனியைக் கையில் பிடித்து, கடற்படைத் தளபதிபோல நின்றேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருக்க, கெர்பர் அம்மையார் மட்டும் மடியில் வெறுங்கையோடு இருந்தார்.

"சாப்பிடவில்லையா?" என்று அங்கிருந்தே கத்தினேன். (வாயைத் திறக்கக்கூடாது என்பதெல்லாம் எப்போதோ காற்றில் போய்விட்டது.)

"வேண்டாம், நன்றி. பிறகு," என்றார்.

இங்கேதான் பிழை நடந்தது. சுவிஸ்காரர் வேண்டாம் என்றால் அதற்கு அர்த்தம் வேண்டாம். இந்த நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த எனக்கு அது தெரியாமலா? தெரியும். ஆனால் எங்கள் வீடுகளில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாம் தடவை கூச்சம், மூன்றாம் தடவை கேட்காமல் விட்டால் ஆயுளுக்கும் குறை. என் பிள்ளையின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கும் மனுசி என் படகில் பசியோடு இருப்பதா? கையில் கயிறு இருந்தால் எப்படிப் பரிமாறுவது?

கட்டினேன். படகின் முன்கொம்பில், பதினெட்டு வருட அனுபவத்தையும் திரட்டி, லொறிக்குக் கட்டுகிற அதே முடிச்சு.

ஒரு நிமிட வேலைதானே என்று பானையடிக்குப் போனேன். "கொஞ்சம், ஒரு கரண்டி," என்று நான் தட்டில் போட, "உண்மையாகவே வேண்டாம்," என்று அவர் சொல்ல, "ஒரு கோழித் துண்டு மட்டும்," என்று நான் குழம்பையும் அள்ள, தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது.

முதலில் ஒரு ரோல் உருண்டு போனது. பிறகு தட்டுகள் உருண்டன. பிறகு படகின் பின்பக்கம் தண்ணீரோடு கீழே இறங்க, முன்பக்கம் என் கயிற்றில் தொங்கியபடி மேலேயே நின்றது. படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. "கயிறு! யார் கயிற்றைக் கட்டியது?" என்று ரூடி அலறினார். எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள், ஆளையாள் பிடித்தார்கள். முதியோர் இல்லத்து அம்மா ஒருவர், "ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்க மாட்டீர்களா? கயிற்றடிக்கு ஓடினேனா? மகளின் தலைவிதியை எழுதப்போகும் அம்மையாரைத் தாங்கினேனா? இல்லை. வழுக்கிவந்த புரியாணிப் பானையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று தளத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தால் குழம்புச் சட்டி போய் நேரே வெள்ளைக் காற்சட்டையில் கவிழ்ந்தது.

கரையில் கதவுகளை இயக்கியவர் தண்ணீரை நிறுத்தினார். ஆனால் படகு தொங்கியது தொங்கியதுதான். ரூடி தவழ்ந்து வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். முழுப் படகின் பாரமும் அதில் இருந்தது. அசையவில்லை. அப்போதுதான் வதனி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சரிந்த தளத்தில் ஏறிவந்து, "தள்ளி நில்லுங்கோ" என்று ரூடியிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, இறைச்சிக் கத்தியால் மூன்றே வெட்டு வெட்டினா. படகு தொப்பென்று விழுந்தது. எல்லோரும் முழங்கால் வரை நனைந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. புரியாணியும் பத்திரம்.

அடுத்த துறையில் கெர்பர் அம்மையார் இறங்கினார். "வியாழக்கிழமை சந்திப்போம்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் இரண்டு நாள் ஆரணி என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அப்பா, கட்டவேண்டாம் எண்டு பத்துத்தரம் சொன்னவையாம்," என்றாள். அவ்வளவுதான். பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. களஞ்சியத்தில் கட்டி முடித்த பெட்டியை மூன்று தடவை அசைத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மூன்று பேர் மேசைக்கு அந்தப்பக்கம், நாங்கள் மூன்று பேர் இந்தப்பக்கம். கன்டோன் எனும் மாநிலங்கள், வாக்கெடுப்பு, காப்புறுதி என்று கேட்டதெல்லாம் சொன்னேன். கெர்பர் அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

"திரு சிவநேசன், படகு சரிந்தபோது நாங்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்தோம். நீங்கள் ஏன் பானையைப் பிடித்தீர்கள்?"

மனப்பாடம் செய்த ஒன்றும் உதவிக்கு வரவில்லை. அளப்பதற்கும் தைரியம் இல்லை.

"நீங்கள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை," என்றேன். "அதோடு எனக்கு நீச்சலும் தெரியாது. படகும் தெரியாது. கட்ட மட்டும்தான் தெரியும்."

ஓரத்திலிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். அம்மையார் வதனியைப் பார்த்து, "நீங்கள் எப்படி அவ்வளவு விரைவாகக் கத்தியோடு வந்தீர்கள்?" என்றார்.

வதனியின் ஜெர்மன் என்னுடையதைவிடச் சுருக்கமானது, ஆனால் குறி தப்பாது. "இவர் கட்டினதை அவிழ்க்க ஏலாது. வீட்டில நாங்கள் எப்பவும் வெட்டிறதுதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள், ஆரணியும் சிரித்தாள். கெர்பர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பை இழுத்தார். "போன தடவை எந்த ஃபெரைன் என்று கேட்டேன். இந்த முறை அதைக் கேட்கத் தேவையில்லை. என் காற்சட்டை இன்னும் வெளுக்கவில்லை," என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதினார்.

கடிதம் வந்தது, பிறகு கடவுச்சீட்டும் வந்தது. ஃபெரைன் கூட்டம் கூடி, ஒரு எதிர்ப்பு வாக்கும் இல்லாமல் முன் கயிற்றை வதனிக்குக் கொடுத்தது. (எனக்குச் சமையல் பொறுப்பு. நானும் கை உயர்த்தினேன்.) வீட்டிலோ அன்றிலிருந்து என்ன கலவரம் வந்தாலும் ஒரே பேச்சுத்தான். பால் பொங்கினாலும் ரயில் தப்பினாலும், "முதல்ல பானையைப் பிடியுங்கோ" என்று யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்கள்.

ஆரணி பொலிஸ் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல்நாள் காலை, பையோடு வாசலில் நின்றாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினாள்.

"அப்பா, பானையைப் பிடியுங்கோ. நான் போய்ட்டு வாறன்."