வெயிலுகந்தாள் காலை உணவு சாப்பிட்ட கதை

ஒரு காட்டில், அந்தக் கோடையில், ஒரே ஒரு குளம்தான் வற்றாமல் மிச்சமிருந்தது. ஒரே ஒரு குளம் மிச்சமிருந்தால் என்ன செய்வார்கள்? உடனே ஒரு கழகம் ஆரம்பிப்பார்கள். இங்கேயும் ஆரம்பித்தார்கள். பெயர், வன உயிர்கள் நலவாழ்வுக் கழகம். யானை தலைவர். குளத்தைச் சுற்றி மூங்கில் வேலி, வேலியில் ஒரு கவுண்டர், கவுண்டருக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை. ஆரோக்கியமாக வாழ்கிறவர்களுக்குப் பச்சை அட்டை. பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தண்ணீர். தண்ணீரே இல்லாமல் எப்படி ஆரோக்கியமாக வாழ்வது என்று ஒரு நரி கேட்டது. கேள்வி கேட்பதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது, பூர்த்தி செய்து கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வரிசையில் வெயிலுகந்தாள் என்ற மலைப்பாம்பும் நின்றாள். நின்றாள் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், கிடந்தாள். பாறைமேல் படுத்து வெயில் காய்வாள், மாதத்துக்கு ஒருமுறை சாப்பிடுவாள், மீதி நாளெல்லாம் யார் வம்புக்கும் போகாமல் சுருண்டிருப்பாள். பிறந்ததிலிருந்து ஒரு நாள் உடம்புக்கு முடியவில்லை என்று படுத்ததில்லை. படுத்தேதான் இருந்தாள், அது வேறு.

குடிக்கத் தண்ணீர் கேட்டு அவள் வரவில்லை. ஊறுவதற்குக் கேட்டு வந்தாள். அது அவள் சட்டை உரிக்கும் சமயம். உடம்பெல்லாம் சாம்பல் பூத்து, கண்மேல் பாலாடை படர்ந்த மாதிரி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு நாள் தண்ணீரில் ஊறினால் பழைய தோல் தானாகக் கழன்று வந்துவிடும். ஊறாவிட்டால் காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். போன கோடையில் அவளுடைய அக்காவுக்கு அப்படித்தான் கண்மேலேயே தோல் ஒட்டிப் பார்வை போனது. இரை பிடிக்க முடியாமல் இளைத்து இளைத்து, மழை வருவதற்குள் செத்துப்போனாள். வெயிலுகந்தாளுக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்றால் நாலு நாளைக்குள் குளத்தில் இறங்கியாக வேண்டும்.

கவுண்டரில் உட்கார்ந்திருந்தது இசக்கிமுத்து என்ற கேளையாடு. மானில் சின்ன ரகம், அதிகாரத்தில் பெரிய ரகம். முத்திரை குத்தத் தனியாகக் கட்டை கிட்டை தேவையில்லை, குளம்பை மையில் தோய்த்து வைத்தால் போதும்.

"பேரு?"

"வெயிலுகந்தாள்."

"கால் எத்தனை?"

"கால் இல்லீங்க ஐயா."

"இல்லைன்னு எழுத இடம் கிடையாது. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, அதுக்கு மேல. இதுல ஒண்ணு சொல்லு."

பின்னால் நின்ற மரவட்டை, "அதுக்கு மேலன்னு போட்டுக்கோங்க சார், எனக்கும் அப்படித்தான் போட்டாங்க" என்று யோசனை சொன்னது. மரவட்டைக்குப் போன வாரமே அட்டை கிடைத்துவிட்டது. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. மரவட்டை அதைத் தன் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டது.

"ரெண்டுன்னு போடுறேன்" என்றது இசக்கிமுத்து. "காலையில என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்லீங்க."

"நேத்து ராத்திரி?"

"இல்லீங்க."

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டே?"

"போன அமாவாசைக்கு. ஒரு பன்னிக்குட்டி."

இசக்கிமுத்து மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தது. "ஒரு நாளைக்கு எத்தனை அடி நடப்பே?"

"நடக்க மாட்டேங்க ஐயா. ஊர்வேன். அதுவும் அவசியம் இருந்தாத்தான்."

அதற்கப்புறம் அது கேள்வி கேட்கவில்லை. சிவப்பு மையில் எழுதியது. உணவு ஒழுங்கு இல்லை. உடலுழைப்பு இல்லை. கடும் மந்தம். பரிசோதனை என்று அவளைத் தொட்டுப் பார்த்து, உடம்பு சில்லென்று இருக்கிறது என்பதையும் ஒரு நோயாகச் சேர்த்துக்கொண்டது. மொத்தத்தில் காட்டிலேயே ஆரோக்கியமான ஒரு ஜீவன் ஐந்து நிமிஷத்தில் மரணப் படுக்கைக்குப் போய்விட்டது.

"ஐயா, தோல் உரிய வேண்டியிருக்கு. ரெண்டு நாள் ஊறிட்டு எந்திரிச்சுப் போயிடுறேன்."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க. பயிற்சியாளரை அனுப்புறேன். அவர் முன்னால காலை உணவு சாப்பிடணும். பத்தாயிரம் அடி நடக்கணும். அதே நாள் மத்தியானச் சாப்பாடு இங்க கவுண்டர்ல, என் முன்னால. நம்பி விட்டா எல்லாரும் சாப்பிட்டேன்னு பொய் சொல்றாங்க. அதனால இந்த ஏற்பாடு."

மறுநாள் காலையில் பயிற்சியாளர் வந்தார். செண்பகராஜ் என்ற முயல். பளபளவென்று உடம்பு. நெற்றியில் வியர்வைத் துணி, பின்னங்காலில் காலடி எண்ணும் பட்டை. ஓடிக்கொண்டே வந்தார், நின்ற இடத்திலும் ஓடிக்கொண்டே இருந்தார், ஓடிக்கொண்டே பேசினார்.

"வணக்கம்மா! நான் காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல சீரகத் தண்ணி. அப்புறம் சுக்கு, மிளகு, திப்பிலி. அப்புறம் வல்லாரை, தூதுவளை, கரிசலாங்கண்ணி. வாயுன்னா என்னன்னே தெரியாது எனக்கு. நீங்க?"

"எனக்கும் தெரியாது தம்பி" என்றாள் வெயிலுகந்தாள்.

செண்பகராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறிவுரை சொல்கிறவர்களுக்குக் காதின் நீளம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு கட்டு முடக்கத்தான் கீரையை அவள்முன் வைத்தார். "மூட்டுக்கு நல்லது. எந்த மூட்டுல வலி?"

"வலி ஒண்ணும் இல்லை. உடம்பு முழுக்க மூட்டுதான் தம்பி, எனக்கு."

"அப்ப ரெண்டு கட்டு சாப்பிடுங்க."

அவளால் கீரையைத் தொட முடியவில்லை. மலைப்பாம்பு கீரை தின்னாது. அதுவும் சட்டை உரிக்கும் நேரத்தில் அவள் இனத்தார் எதையுமே வாயில் வைக்க மாட்டார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். இது காட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் செண்பகராஜ் அவளுக்கு அத்தனை பக்கத்தில் வந்து குதித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அவருடைய தொழில் அந்த வழக்கத்தை மாற்றுவதாக இருந்தது.

காலடிப் பட்டை ஒன்றை அவள் வாலில் மாட்டிப் பார்த்தார். நழுவி விழுந்தது. கழுத்தில் மாட்டலாம் என்று பார்த்தால் கழுத்து எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "கால் இல்லைங்கிறது மனசுல இருக்கிற தடைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிலுகந்தாள் நன்றாக யோசித்துப் பார்த்தாள். தடை வேறு இடத்தில் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது.

இரண்டாம் நாளும் வந்தார். இரண்டாம் நாளும் அவள் சாப்பிடவில்லை. அவர் நோட்டில் இரண்டாவது சிவப்புக் கோடு போட்டார். அன்று மாலைக்குள் அவள் தோல் முதுகில் விறைக்க ஆரம்பித்தது. வேலிக்கு அப்பால் எருமைகள் குளத்தில் கிடந்து புரளும் சத்தம் கேட்டது. அத்தனை எருமைக்கும் பச்சை அட்டை. கீரை தின்கிறவர்கள் அல்லவா. வெயிலுகந்தாள் பாறையிடுக்கில் தலையை வைத்துக்கொண்டு, சாகப் பயமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு யாரிடம் சொல்வது? யாரிடம் சொன்னாலும் கஷாயம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் செண்பகராஜ் கோபமாக வந்தார்.

"இன்னைக்கும் சாப்பிடலைன்னா மூணாவது சிவப்புக் கோடும்மா. அப்புறம் ஆயுசுக்கும் அட்டை கிடையாது. காலை உணவைத் தவிர்க்கிறது எவ்வளவு கெடுதல் தெரியுமா?"

"தம்பி, சட்டை உரிக்கிற நேரத்துல நாங்க சாப்பிடுறதில்லை. உரிச்சு முடிஞ்சா..."

"அந்தக் காலத்துப் பேச்சையெல்லாம் விடுங்க. இப்ப அறிவியல் எவ்வளவோ வளர்ந்திருக்கு."

"பசியே இல்லையே தம்பி."

"பசிக்காகவா சாப்பிடுறோம்? வேளைக்காகச் சாப்பிடுறோம்!"

அவள் மங்கிய கண்ணால் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அப்படி என்னதான் சாப்பிடச் சொல்றீங்க? கீரை எனக்கு ஆகாது."

செண்பகராஜுக்கு இந்தக் கேள்வி போதும். இதற்காகவே பிறந்தவர். நின்ற இடத்தில் ஓடுவதைக்கூட நிறுத்திவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து, அவள் முகத்தருகே குனிந்து சொன்னார்.

"ரொம்பச் சுலபம்மா. தூரத்துலேருந்து வந்தது வேண்டாம். நம்ம மண்ணுல வளர்ந்ததா இருக்கணும். புதுசா இருக்கணும். பொரிச்சது, வறுத்தது, பாக்கெட்டுல அடைச்சது எதுவும் கூடாது. கொழுப்பு கம்மியா இருக்கணும். கையெட்டுற தூரத்துல இயற்கை நமக்கு என்ன கொடுத்திருக்கோ, அதை அப்படியே எடுத்துக்கிறது. அவ்வளவுதான்!"

வெயிலுகந்தாள் அவரை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள். "நிச்சயமா சொல்றீங்களா தம்பி?"

"நிச்சயமா! நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்! யாராவது வந்து குறை சொல்லியிருக்காங்களா?"

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு கீழ்ப்படியாமல் இருப்பது முறையல்ல. அவள் கீழ்ப்படிந்தாள். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று முதல் நாள் அவர் சொல்லியிருந்ததை மட்டும் கடைப்பிடிக்க முடியவில்லை. அதற்காக அவளுக்கு உள்ளூர வருத்தம்தான்.

பசியில்லாமல் சாப்பிட்டால் அவளுக்கு எப்போதும் வயிறு கல்லாகிவிடும். இந்தத் தடவை ஒன்றும் ஆகவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சேர்ந்தே போயிருந்தது. ஏப்பம்கூட வாசனையாக வந்தது. மூலிகையை அவள் இத்தனை நாள் குறைவாக எடைபோட்டுவிட்டாள்.

அப்புறம் அவள் கவுண்டரை நோக்கி ஊர்ந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் உள்ளே காலடிப் பட்டை ஒரு குலுங்கு குலுங்கியது. பாறையைச் சுற்றி, ஓடைப் படுகையைத் தாண்டி, புதர்களில் நுழைந்து, அவள் வரிசையின் முன்னால் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். இசக்கிமுத்து படிவத்தை எடுத்தது.

"காலை உணவு ஆச்சா?"

"ஆச்சுங்க ஐயா."

"பயிற்சியாளர் முன்னாலதானே?"

"அவருக்கு முன்னாலதான். அதுக்கு மேல முன்னால வர முடியாதுங்க."

"எங்கே அவரு? கையெழுத்துப் போடணுமே. என்ன சாப்பிட்டே?"

"அவரைத்தாங்க."

அந்தச் சமயம் பார்த்து அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு மணியோசை. அதைத் தொடர்ந்து பட்டையின் இனிமையான பெண்குரல்: "வாழ்த்துகள்! பத்தாயிரம் அடிகளை எட்டிவிட்டீர்கள். இதே உற்சாகத்தைத் தொடருங்கள்!"

இசக்கிமுத்து விதிப்புத்தகத்தைப் புரட்டியது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, பயிற்சியாளரைச் சாப்பிடக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அசைவம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் ஒரு குறி போட்டது. கொழுப்பு குறைவு என்ற கட்டத்திலும் போட்டது. செண்பகராஜைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கொழுப்பு குறைவு என்பதை மறுக்க முடியாது.

"ஐயா" என்றாள் வெயிலுகந்தாள். அவள் எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. விதியை மீறி அட்டை போய்விடக் கூடாதே என்ற கவலையில்தான் கேட்டாள். "மத்தியானச் சாப்பாடு உங்க முன்னாலன்னு சொன்னீங்களே?"

இசக்கிமுத்துவின் காது இரண்டும் படுத்துவிட்டன. அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. வரிசை இருந்த இடத்தில் தூசிதான் இருந்தது. ஐந்து வாரமாக நடைப்பயிற்சிக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த காட்டுப்பன்றிகூட மலை உச்சியில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"மத்தியானம் சாப்பிட்டாச்சும்மா நீங்க" என்றது இசக்கிமுத்து, முதல்முறையாகப் பன்மையில். "நான்தான் பார்த்தேனே. ராத்திரியும் சாப்பிட்டாச்சு. நாளைக்கும் சாப்பிட்டாச்சு. பங்குனி வரைக்கும் போட்டுட்டேன்." குளம்பை மையில் தோய்த்து ஒரே படிவத்தில் பதினாறு முத்திரை குத்திப் பச்சை அட்டையைத் தூரத்திலிருந்து தள்ளிவிட்டது.

வெயிலுகந்தாள் குளத்தில் இறங்கினாள். எருமைகள் மறு கரை வழியாக ஏறிவிட்டன. இரண்டு நாள் அசையாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் மூக்கு நுனியில் பிளந்த தோல், வால்வரை ஒரே சட்டையாகக் கழன்று வந்தது. கண் தெளிந்தது. எதிர்க்கரையில் ஒரு மருத மரம் இலை இலையாகத் தெரிந்தது. அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. பிழைத்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த வாரம் தலைவர் யானை அவளைத் தேடி வந்தது, கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு. பயிற்சியாளர் பதவி காலியாக இருக்கிறது, அவள்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள்.

"நீங்க எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்மா. காலையில மைதானத்துக்கு வந்து சும்மா படுத்திருங்க."

அவளுக்குப் பழக்கமான வேலைதான். ஒப்புக்கொண்டாள். இப்போது அந்தக் காட்டில் ஒருவருக்கும் தொப்பை இல்லை, சர்க்கரை இல்லை, மூட்டுவலி இல்லை. கிழட்டு மான்கூட விடிந்ததும் எட்டுச் சுற்று ஓடுகிறது. வெயிலுகந்தாள் எப்போதாவது ஒருமுறை கொட்டாவி விடுவாள். அன்றைக்குப் பதினாறு சுற்று.

நீதி: தூய காற்றும் சத்துணவும் மூலிகையும் தாராளமாகக் கிடைத்தும் காலையில் எழுந்து ஓட உங்களுக்கு மனம் வரவில்லையா? உங்களைச் சாப்பிடக்கூடிய ஒருவரைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளுங்கள்.